யாழினி பார்க்கும் கார்ட்டூன்கள்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் கைத்தடி இல்லாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறாள். அதில் பதில் தள்ளிப்போய்விட்டது. போதாக்குறைக்கு அக்கா தன் பையன் கவினை லீவுக்கு இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வீடு வீடாக இல்லை.

சரி, யாழினி விஷயம். பாட்டி குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்ததற்குச் சண்டை பிடித்தாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த வரியிலேயே, ராத்திரி “பூமி செத்துப்போயிடுமா அம்மா?” என்று கேட்டு அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கடி இந்தக் கவலை? சுற்றுச்சூழல் கார்ட்டூன்களை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறாய். நிறுத்த வேண்டாம். எதைக் காட்டுவது என்பதை மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாம் பார்த்த ‘கேப்டன் பிளானட்’ ஞாபகம் இருக்கிறதா? சி.என்.என். செய்திச் சேனலைத் தொடங்கிய டெட் டர்னரும் பார்பரா பைலும் உருவாக்கிய சுற்றுச்சூழல் கார்ட்டூன் தொடர்; 1990இல் ஆரம்பித்தது. ஐந்து பிள்ளைகள், ஐந்து மோதிரங்கள், மோதிரத்துக்கு ஒரு சக்தி: நிலம், நெருப்பு, காற்று, நீர், அப்புறம் இதயம். விளையாடும்போது நீ நெருப்பைப் பிடுங்கிக்கொள்வாய். இதயத்தை ஒருத்தரும் சீண்ட மாட்டோம். கவினோடு உட்கார்ந்து சில பாகங்களை மறுபடி பார்த்தேன். வில்லன்களில் ஒருவனுக்குப் பன்றி மூஞ்சி, இன்னொருவனுக்கு எலி உடம்பு. காரணமே வேண்டாம், நாசம் பண்ணுவதுதான் அவர்களுக்குச் சந்தோஷம். அப்பாவோ அம்மாவோ புகை விடும் ஆலையில் வேலை செய்கிற பிள்ளை மனசு நோகக்கூடாது என்று அப்படி வரைந்தார்களோ என்னவோ. ஆனால் பார்க்கிற குழந்தைக்கு, கெடுக்கிறவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற நினைப்புத்தான் தங்கும்.

அதைவிட என்னை உறுத்தியது முடிவில் வரும் அறிவுரை. பெரிய ஆலை, எண்ணெய்க் கப்பல் எல்லாவற்றையும் பறந்து வரும் பச்சைமுடிக்காரர் கேப்டன் பிளானட் பார்த்துக்கொள்வார். கடைசியில் நம் பக்கம் திரும்பி, சக்தி உங்களிடம்தான் இருக்கிறது என்பார். டிவியை அணைத்த பிறகு பறந்து வர ஆள் ஏது? பிள்ளையும் குழாயும்தான் மிச்சம். ஒரு குழாயை மூடி உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? யாழினியின் ராத்திரி அழுகை இங்கேயிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது. இதைச் சொல்லிவிட்டு அந்தத் தொடரை முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. 1992லேயே எய்ட்ஸ் வந்த பையனை ஊர் ஒதுக்குவதைப் பற்றி ஒரு பாகம் எடுத்தார்கள். அந்தத் துணிச்சல் சாதாரணமில்லை.

இனி நான் சிபாரிசு செய்வது. ‘டோட்டோரோ’ பார்த்திருக்கிறாயா? ஜப்பானியக் கார்ட்டூன் பட இயக்குநர் ஹயாவ் மியாசாகி 1988இல் எடுத்த படம். வில்லன் கிடையாது, மாசு கிடையாது, அறிவுரை ஒரு வரி கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, இரண்டு சிறுமிகள் அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடி வருகிறார்கள். பக்கத்தில் ஒரு மாபெரும் கற்பூர மரம், அதில் குடியிருக்கும் உரோமப் பிராணிதான் டோட்டோரோ. சின்னவள் மரத்தடியில் அதைப் பார்த்தேன் என்று சொன்னதும் அப்பா சிரித்து ஒதுக்குவதில்லை. மூவரும் மரத்துக்கு முன்னால் வரிசையாக நின்று, குனிந்து வணங்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்கிறார்கள். கவின் அந்த இடத்தில் சோபாவிலிருந்து இறங்கி தானும் குனிந்தான். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு செய்தியும் சொல்லாத இந்தப் படம் நிஜக் காடு ஒன்றைக் காப்பாற்ற உதவியிருக்கிறது. டோக்கியோவை ஒட்டிய சயாமா குன்றுகளை வீட்டுமனைகள் விழுங்கிக்கொண்டிருந்தபோது, 1990இல் அங்கே டோட்டோரோ பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். ஆட்கள் கொடுத்த நன்கொடையில் துண்டு துண்டாகக் காட்டை விலைக்கு வாங்கிப் பாதுகாத்து வருகிறார்கள். மியாசாகியும் ஆதரவாக நின்றார். இதற்கு எதிர்ப்பக்கமும் பார்: மரங்களுக்காக வாதாடும் ‘லோராக்ஸ்’ 2012இல் படமாக வந்தபோது அந்தப் பாத்திரத்தை வைத்து மஸ்தா கார் கம்பெனி ஒரு எஸ்.யூ.வி. விற்றது!

தினம் பார்க்கத் தொடர் வேண்டுமென்றால் ‘ஆக்டோநாட்ஸ்’ போடு. கரடி, பூனை, பெங்குவின் எல்லாம் நீர்மூழ்கி வண்டியில் போய், பாகத்துக்கு ஒரு நிஜக் கடல் உயிரியைச் சந்திக்கும். முடிவில் அந்த உயிரியைப் பற்றிப் பாட்டாகவே ஒப்பிப்பார்கள். பயமுறுத்தல் குறைவு, தகவல் அதிகம். பாசியையும் கடற்பஞ்சையும் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒளியும் அலங்கார நண்டைப் பார்த்த மறுநாள், கவின் சட்டை முழுக்கச் செய்தித்தாள் துண்டுகளைப் பசையால் ஒட்டிக்கொண்டு பீரோ இடுக்கில் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை, நண்டு பேசாதாம். சட்டை போனது போனதுதான். ஆனால் அதற்கப்புறம் தொட்டிச் செடியில் பூச்சியைப் பார்த்தால் நசுக்காமல், “இது எதோட கலர்ல ஒளியுது சித்தி?” என்று கேட்கிறான்.

‘நீமோ’வும் பரவாயில்லை. அம்மா செத்துப்போன கோமாளி மீன் குஞ்சு நீமோவை அதன் அப்பா தேடிப் போகும் படம். ஒன்று தெரியுமா? கோமாளி மீன் கூட்டத்தில் பெண் மீன் செத்தால், அதன் ஜோடி ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். அந்தக் கணக்கில் நீமோவின் அப்பா பாதிப் படத்திலேயே அம்மாவாகியிருக்க வேண்டும். இதை யாழினியிடம் சொல், கேள்வி மேல் கேள்வி வரும்.

மியாசாகியின் இன்னொரு படமான ‘மொனொனோகே’ மட்டும் இப்போது வேண்டாம், கையும் தலையும் துண்டாகிப் பறக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் காட்டு. காட்டை அழிக்கும் எபோஷி சீமாட்டிதான் அதில் நோயாளிகளுக்கும் விற்கப்பட்ட பெண்களுக்கும் சோறு போடுகிறாள். யார் பக்கம் நிற்பது என்று உன் மகள் உன்னோடு வாதாடட்டும்.

அதுவரை, பூமி செத்துப்போயிடுமா என்று மறுபடி கேட்டால் இல்லை என்று தைரியமாகச் சொல். ஆலை, சட்டம், அரசாங்கம் எல்லாம் பெரியவர்கள் வேலை, அதைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொல். பாட்டியைத் திட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்.

நீ வேலை மாறுவதாக எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று? விவரமாக எழுது.

உன்,
வசந்தி