வெறும் சேறு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தியை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவிலுள்ள சதுப்புநிலக் காட்டுக்குச் சென்றிருந்தேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் ஏறத்தாழ 6 ஹெக்டர் அலையாத்திக் காடு இருப்பது நமக்குக் கிடைத்த பேறு.

நாங்கள் போனபோது கடல்நீர் வற்றியிருந்தது. மரப்பலகை நடைபாதைக்குக் கீழே, கட்டைவிரல் நகத்தளவே இருந்த நண்டொன்று, தன் உடலுக்குப் பொருந்தாமல் பெருத்திருந்த ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்கியது. "யாரைக் கூப்பிடுது தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். பெண் நண்டை அழைக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே, படமெடுப்பதற்காக ஒரு குடும்பம் கைப்பிடியைத் தாண்டிச் சேற்றில் இறங்கியது. வேண்டாமென்று நான் சொன்னதும், "வெறும் சேறுதானே ஐயா" என்று அந்தத் தந்தை மரியாதையாகவே பதில் சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு மேலே ஏறிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சொல் மனத்தை விட்டு அகலவில்லை.

அவர்கள் காலடியில் பென்சில்களை நட்டுவைத்தாற்போல் நின்றவை மரங்களின் மூச்சுவேர்கள். உப்புநீரில் ஊறிய சேற்றுக்குள் காற்று மிகக் குறைவு என்பதால், வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து, நீர் வற்றியிருக்கும் வேளையில் காற்றை வாங்கிக்கொள்கின்றன. அவை ஒடிந்தாலும், மிதிபட்டு மண் இறுகினாலும் மரத்தின் மூச்சுதான் தடைப்படும். நண்டு வளைகள் சேற்றுக்குள் நீரையும் காற்றையும் கொண்டுசெல்கின்றன. சேற்று இறால் ஆழத்திலிருந்து மண்ணைத் தள்ளி எழுப்பும் மேடுகளில் வேறு பல உயிர்களும் குடியிருக்கின்றன. ஒரு காலடி இவற்றில் எத்தனையை மூடிவிடும்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடாக இருந்த இக்காடுகள், கடலைத் தூர்த்ததாலும் ஆற்று முகத்துவாரங்களை அடைத்து நீர்த்தேக்கங்கள் கட்டியதாலும், இன்று ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சுருங்கிவிட்டன. நாட்டின் தேவைக்காக இழந்ததை நான் குறைகூறவில்லை. எஞ்சியதைக் கவனக்குறைவால் இழப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நீர் பெருகியிருக்கும் நேரத்தில் வருபவர்கள் கலங்கிய தண்ணீரை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வார இறுதி நாள்களில் கடல்நீர் வற்றும் நேரத்தை வானிலைக் குறிப்போடு சேர்த்து வெளியிட்டால், குடும்பங்கள் சரியான வேளையில் வந்து, நடைபாதையில் நின்றபடியே அந்த உயிர்களைக் காணலாம். நம் வட்டார இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும் பள்ளி விடுமுறையில் தமிழில் விளக்கம் சொல்லும் நடைப்பயணம் ஒன்றை அங்கே ஏற்பாடு செய்யலாம். வழித்துணையாக வர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாசிர் ரிஸ் வாசகர் ஒருவர்