அபிக்கு நான் என்ன சொல்ல?

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார். இங்கே எல்லாரும் நலம். இவர் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போகிறார், வரும்போது கீரை வாங்கி வருகிறார்.

கடைசிப் பக்கத்தில் அபியைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கேதான் நின்றுவிட்டேன். தலைப்பிள்ளை சிசேரியன், இதைச் சுகப்பிரசவமாகப் பார்க்கலாம் என்று அவள் ஆசைப்படுகிறாள். சம்பந்தியம்மா ஜோசியரிடம் நாள், நேரம் குறித்து வாங்கி வந்துவிட்டார். "முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்தவள் நீ, எடுத்துச் சொல்லி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை" என்கிறாய். அதை நான் செய்ய மாட்டேன் மல்லிகா. கோபித்துக்கொள்ளாதே, படித்து முடி.

அவள் கேட்பது நடக்காத காரியம் இல்லை. முதல் ஆபரேஷனில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டித் தைத்திருந்தால், அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயன்று பார்ப்பவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அப்படியே பெற்றுவிடுகிறார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. பழைய தையல் வாய் பிரிவது சுமார் இருநூறில் ஒருவருக்கு நடக்கிறது. நடந்தால் நிமிஷக் கணக்கில் தியேட்டருக்குக் கொண்டு போக வேண்டும். அதனால் இரவிலும் ஆபரேஷன் வசதி, மயக்க மருந்து டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்கிற இடத்தில்தான் முயல வேண்டும். மறுபடி கத்தி வைத்தாலும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. இந்த இரண்டு பக்கத்தையும் யாராவது அபியை உட்கார வைத்துச் சொன்னார்களா? நீ எழுதியதைப் பார்த்தால், "ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்துப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அத்தனை பேருக்கும் அது உயிர் காத்த ஆபரேஷன் என்று நான் நம்பவில்லை. அத்தனை பேரும் ஏமாற்றப்பட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். வலி தாங்க மாட்டேன், ஆபரேஷனே வேண்டும் என்று தெரிந்து கேட்கிற பெண்ணும் உண்டு. அவளை "இந்தக் காலத்துப் பொண்ணு" என்று ஏசுவதும் எனக்குப் பிடிக்காது.

பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. நடீன் மாண்ட்கோமெரி என்ற ஸ்காட்லாந்துப் பெண், சின்ன உடம்பு, சர்க்கரை நோய் வேறு. குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள நூற்றுக்கு ஒன்பது, பத்து வாய்ப்பு இருந்தும் டாக்டர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். தோள் சிக்கியது. குழந்தை மூளை பாதிப்போடு பிறந்தான். சொல்லியிருக்க வேண்டும், முடிவு அவளுடையது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. அங்கே சிசேரியனைப் பற்றிச் சொல்லாமல் விட்டார்கள், அபிக்குச் சுகப்பிரசவத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறார்கள். மற்றபடி என்ன வித்தியாசம்?

நம் நாட்டிலும் 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்த நேரத்தில், வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி அந்தப் பெண்ணின் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றார்கள். இதைப் படித்தபோது எத்தனை மாப்பிள்ளைகளிடம் நான் பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். உள்ளே அந்தப் பெண் முழு நினைவோடுதான் இருப்பாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று. எனக்கு மூத்தவன் பிறந்தபோது மருத்துவமனையில் அம்மாவைக் கதவோடு நிறுத்திவிட்டார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கிக் கட்டி, சொல்லாமலே பிறப்பு வழியை வெட்டினார்கள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஏன் என்று கேட்டதற்கு "நீயே நர்ஸ், தெரியாதா?" என்றார் வெட்டிய அந்த அம்மா. அதே வார்த்தையை வேறு மாதிரி நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு ராத்திரி டூட்டி. களை எடுக்கப் போகிற பெண், மூன்றாவது பிரசவம். "படுத்தா உயிர் போவுது சிஸ்டர், குந்திக்கிறேன்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நான் விடவில்லை. கை கழுவத் திரும்பினேன், அதற்குள் கட்டிலை விட்டு இறங்கி, இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். தலை தெரிந்தது. ரப்பர் ஷீட்டைத் தரையில் விரித்து நானும் மண்டியிட்டேன். அவள் கத்தவே இல்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், பிள்ளை வழுக்கிக்கொண்டு என் கையில் வந்தது. மூன்று கிலோ நூறு. ஒரு தையல் இல்லை. டூட்டி டாக்டர் திட்டுவார் என்று பயந்து, கேஸ் ஷீட்டில் கட்டிலில் பிறந்ததாக எழுதினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் விரும்பிய நிலையில் பெறலாம், விரும்பிய துணையை வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் வெட்டக் கூடாது என்று எழுதிய பரிந்துரையை வாசித்தபோது அவள் முகம்தான் வந்தது.

அதற்காக எது கேட்டாலும் சரி என்று நினைத்துவிடாதே. அதே வருஷம் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்துபோனாரே. அப்படி ஒன்றை அபி கேட்டிருந்தால் ராத்திரி பஸ் பிடித்து வந்திருப்பேன், காலைப் பிடித்தாவது தடுத்திருப்பேன். அவள் மருத்துவமனையில்தான் பெறுகிறேன் என்கிறாள்.

அப்புறம், ஜோசியர் குறித்த தேதி. 37 வாரம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். சம்பந்தியம்மாவிடம் இதை மாப்பிள்ளை சொல்லட்டும், நீ சொன்னால் வம்பாகிவிடும்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி உன் பீரோவில்தான் இருக்கும். எதற்காக ஆபரேஷன் செய்தார்கள், கர்ப்பப்பையைக் குறுக்காக வெட்டினார்களா நெடுக்காக வெட்டினார்களா என்று அதில் இருக்கும். எடுத்து அவள் கையில் கொடு. அவளே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிக் கேட்கட்டும். சரியாகப் பதில் சொல்லாவிட்டால் சேலத்தில் வேறு டாக்டர் இல்லாமலா போய்விட்டார்? கேட்ட பிறகு அவள் ஆபரேஷனே போதும் என்றாலும் எனக்குச் சம்மதம்தான்.

பேசத் தோன்றினால் அவளே என்னைக் கூப்பிடட்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். வலி வந்ததும் எந்த நேரமானாலும் எனக்குச் சொல், வந்துவிடுகிறேன். பிரசவ மருந்து இங்கிருந்தே கிளறி எடுத்து வருகிறேன், அங்கே கடையில் வாங்காதே.

உன்
சரோஜா