'என்ன சொன்னீங்க?' என்று கேட்கப் பழக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய மொழி பழகுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் கண்ணாடி முன் நின்று பேசுங்கள், மாதிரி உரையாடல்களை மனப்பாடம் செய்யுங்கள் என்கிறார் கட்டுரையாளர். வாய் பழக அது உதவும், சரி. ஆனால் கண்ணாடி பதில் பேசாது. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல் இருப்பதுதான் உரையாடலில் கஷ்டமான விஷயமே.

வேற்றுமொழிக்காரரான ஒரு பெண்ணுக்கு எட்டு மாதமாகத் தொலைபேசியில் தமிழ் சொல்லித் தருகிறேன். எழுத்து, வேற்றுமை உருபு, காலம் எல்லாம் புத்தகத்திலேயே படித்து முடித்துவிட்டு வந்தவர். முதல் நாள் நான் ஏதோ ஒரு சம்பவத்தை இரண்டு நிமிடம் போல விவரித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். அவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! 'உம்' கொட்ட வேண்டும் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. ம், ஓ, சரி, அப்படியா, அப்புறம்: முதல் வாரம் முழுக்க இவற்றைத்தான் பழகினோம். 'அப்படியா'வை இழுத்தால் வியப்பு, வெட்டிச் சொன்னால் சந்தேகம். எதை எங்கே போடுவது என்பது இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபடும்.

பதில் சொல்லக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிதான் இருந்தது. ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். ஆக, எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். கேட்பதற்கு ஒரு வகுப்பு, பேசுவதற்கு ஒரு வகுப்பு என்று பிரித்து வைத்தால் இது எப்படி வரும்? ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம், தனியாகப் பேசுவதையும் ஒருவரோடு உரையாடுவதையும் வேறு வேறு திறன்களாகவே வைத்திருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மொழி பழகுபவர்கள் 'புரியவில்லை' என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். புரிந்ததுபோல் சிரித்துச் சமாளிக்கிறார்கள். தாய்மொழியில் பேசுபவர்களே எத்தனை முறை 'என்ன?', 'யாரு?', 'எங்கேன்னு சொன்னே?' என்று கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பன்னிரண்டு மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை இப்படித் திருப்பிக் கேட்கிறார்கள் என்று தெரியவந்தது. நாம் கேட்டால் மட்டும் எப்படி அவமானமாகும்?

அப்படிக் கேட்கும்போதுதான் கற்றலும் நடக்கிறது. 1980களில் மொழியியலாளர் மைக்கேல் லாங் வலியுறுத்தியதும் இதைத்தான். புரியாத இடத்தில் இருவரும் நின்று, மாற்றிச் சொல்லி, சரிபார்த்துக்கொள்ளும்போது, கற்பவருக்கு அந்த நிமிடத்தில் எது தேவையோ அந்த மொழி கிடைக்கிறது. ஒரு நாள் என் மாணவி "நேற்று என் அக்கா வருவாங்க" என்றார். நான் இலக்கணம் பேசவில்லை. "ஓ, நேத்து வந்தாங்களா? எத்தனை மணிக்கு?" என்றேன். ஒரு கணம் தயக்கம். அப்புறம், "ஆமா, வந்தாங்க. ஆறு மணிக்கு வந்தாங்க" என்றார். அந்த இரண்டாவது 'வந்தாங்க' அவராகச் சேர்த்தது. எல்லா நேரமும் இப்படி அமையாது. திருத்தம் காதில் விழாமலே போகும் நாட்கள்தான் அதிகம். அதற்காகவும்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

காணொளி பார்த்தாலே போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைப் 12 அமர்வுகளில் கேட்கவைத்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது, குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே அளவு பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. குழந்தைக்கு நடப்பது பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் திரையிலிருந்து சொற்களைத் தாராளமாகக் கற்கலாம். ஆனால் நம் முகம் விழிப்பதைப் பார்த்துவிட்டு அதே விஷயத்தை வேறு மாதிரி சொல்லிப்பார்க்க, ஓடுகிற காணொளியால் முடியாது.

அந்தக் கட்டுரை தொடராக வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் மாதிரி உரையாடல் தருவதாக இருந்தால், தயவுசெய்து நடுவில் ஒருவருக்குப் புரியாமல் போகட்டும். "மன்னிக்கணும், கடைசியா என்ன சொன்னீங்க?" என்று அவர் கேட்கட்டும். மற்றவர் அதையே வேறு சொற்களில் சொல்லட்டும். இதுவரை நான் பார்த்த பாடப்புத்தகங்களில் எல்லோருக்கும் எல்லாமே முதல் தடவையிலேயே புரிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்