உரலையும் கேளுங்கள்

ஐயா,
ஆப்பிரிக்க ஏழை விவசாயிகளுக்கான வேளாண் ஆராய்ச்சி பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். விளைச்சலை மட்டும் இலக்காக வைத்தால் போதாது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் முன்பு வந்த வீரிய மக்காச்சோளம் வயலில் நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் மணி மென்மை; உரலில் இடித்தால் மாவு குறைவு, குதிரில் வைத்தால் வண்டு. பெண்கள் நாட்டு ரகத்தையே நாடினார்கள். ஓரளவு கெட்டி மணியுள்ள எம்.எச்.17, எம்.எச்.18 என்ற வீரிய ரகங்கள் 1990-இல்தான் வந்தன. அங்கே சில காலம் ஆசிரியராக இருந்தேன். சந்தையில் பெண்கள் மணியைப் பல்லால் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். மணி கெட்டியா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பாருங்கள்! ரகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடிக்கிற, சேமிக்கிற பெண்களுக்கும் இடம் தரலாம். அதுவும் விதை வெளியான பிறகு அல்ல, சோதனைச் சாகுபடியின் முதல் பருவத்திலேயே.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி