சயாம் ரயில்பாதை நினைவுக்கல்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் நம் குழுவிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. போர்க்காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட நம் ஊராருக்கான கல், பழைய ரப்பர் தோட்டத்துச் சடக்கு (தோட்டப் பாதை) பெரிய சாலையைத் தொடும் முனையில் நிற்கிறது. திறப்பு நாளன்று வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வர முடியாதவர்களுக்காகவும், நன்கொடை கொடுத்துவிட்டு "என்ன ஆச்சு?" என்று வாட்ஸப்பில் விடாமல் கேட்டவர்களுக்காகவும் இந்த அறிக்கை. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்துடன் தனித்தாளில் இருக்கிறது. கணக்கில் வராததை இங்கே சொல்கிறோம்.

எதற்கு இந்தக் கல் என்று இளையவர்கள் பலர் கேட்டார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிப் போனதால், சயாமின் (இன்றைய தாய்லாந்து) நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, 415 கிலோமீட்டருக்கு மலையையும் காட்டையும் வெட்டி ரயில்பாதை போட்டார்கள். 1942 நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்து முடிந்தது. நம் கல்லில் இருப்பவர்கள் அந்த அவசரத்துக்குப் பலியானவர்கள்தான். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டுவார்கள். அவர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள்.

ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி கண்ணில் படாமல், மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடாக இருந்த காலம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி என்று சொன்னபோது சிலர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். அப்புறம் ஆள் போதவில்லை என்று லாரியோடு வந்து ஏற்றினார்கள். ரயில் சரக்குப் பெட்டியில் அடைத்து சயாமின் பான்போங் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். நம் ஆட்களின் முகாம்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 7,000 சிப்பாய்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகத் தகடு, அதில் பெயர், படைப்பிரிவு; நன்றாக வெட்டிய புல். நம்மவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1990-இல் அதே ஊரில் கரும்புக் காட்டில் தோண்டியபோது எலும்புகள் குவியலாக வந்தன. அங்கே நம்மவர்களுக்குத் தமிழ் எழுத்தில் முதலில் கல் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பானிய ராணுவம்தான், 1944-இல், போர் முடியும் முன்பே. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதுதான். 2023-இல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்றே ஒரு நடுகல் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது அங்கே மாண்ட எல்லாருக்கும் பொது. நம் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போனவர்களுக்கு, பெயரோடு, நம் ஊரிலேயே ஒரு கல் வேண்டும் என்பதுதான் நம் தீர்மானம்.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கோயில் வளாகம் என்று பேசினோம். சாவுக்கான கல்லை அம்மன் சன்னிதி எதிரே வைப்பதா என்று சிலர் தயங்கினார்கள். கொண்டுபோகப்பட்டவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களும் உண்டே என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டும் நியாயம்தான். சடக்கு முனை எல்லாருக்கும் ஒத்துவந்தது. லாரிகள் நின்ற இடமும் அதுதான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கல்லில் எந்த மதச் சின்னமும் இல்லை.

உண்மையான வேலை பெயர் சேர்ப்பதுதான். தோட்டம் பலமுறை கைமாறி இப்போது பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவு) புத்தகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எனவே படிவம் அச்சடித்து வீடு வீடாகப் போனோம். ஒரு பாட்டியிடம் பெயர்களைக் கேட்டபோது முதலில் ஒன்றும் நினைவில்லை என்றுதான் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேட்டு லயத்தின் முதல் கதவிலிருந்து ஆரம்பித்தார். முதல் வீட்டில் யார், இரண்டாவதில் யார், அடுத்த கதவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று விரலால் பாயில் கோடு போட்டபடியே கடைசிக் கதவுவரை போய்விட்டார். நடுவில் ஒரு வீட்டில் மட்டும் நின்று, "இங்க யாருன்னு தெரியல, ஆனா ஆள் இருந்துச்சு" என்றார்.

இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் சொல்ல வேண்டும், அல்லது ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அதற்குள் அடங்காத விவகாரங்கள் நிறைய. ஒருவரை எல்லாருக்கும் தெரிகிறது, பெயர் யாருக்கும் தெரியவில்லை. "சின்னப்பொண்ணு புருஷன்" என்றே சொன்னார்கள். "சின்னப்பொண்ணுவின் கணவர்" என்றே வெட்டியிருக்கிறோம். சயாமிலிருந்து திரும்பி வந்து சில மாதத்திலேயே காய்ச்சலில் போனவர்களைச் சேர்த்தோம். திரும்பி வந்து நெடுநாள் வாழ்ந்தவர்களைச் சேர்க்கவில்லை. அதில் சில குடும்பங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. சாதிப் பெயரைப் பின்னால் போடச் சொன்னவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டோம். ஒருவர் நன்கொடையைத் திரும்பக் கேட்டார், கொடுத்தோம். ரசீது கணக்கில் இருக்கிறது.

அகர வரிசையில் போட்டால் அப்பா ஒரு மூலையில், மகன் ஒரு மூலையில் என்று பிரிந்துவிடுவார்கள். அதனால் பெயர்கள் லயத்து வரிசையில், கதவு கதவாக இருக்கின்றன. கம்பத்துப் பெயர்கள் அதன்பின் வீட்டு வரிசையில். மொத்தம் எத்தனை பேர் என்று கல்லில் போடவில்லை. போட்டால் கணக்கு முடிந்ததுபோல் ஆகிவிடும். அடிப்பகுதியில் இடம் விட்டிருக்கிறோம்.

கல்வெட்டியது சீனர் கல்லறைகளுக்குக் கல் செய்யும் பட்டறை. கை சுத்தமான வேலை. ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நாம் அனுப்பிய கோப்பு அவர்களுடைய கணினியில் திறந்ததும் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. பிறகு எழுத்தைப் படமாக மாற்றி, காகிதத்தில் அச்சடித்து, கல்மேல் ஒட்டி வெட்டினார்கள். புள்ளிகள்தான் கடைசிவரை பாடுபடுத்தின. சொரசொரப்பான சாம்பல் நிறக் கல்லில் சின்னப் புள்ளி தெரியவே இல்லை. முனியன் 'முனியன' ஆகிவிட்டார். இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விடுபட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தோம். மறுபடி ஆழமாகக் குடைந்து வெள்ளை பூசினார்கள். அதற்குத் தனிக்கூலி வாங்க மறுத்துவிட்டார் பட்டறைக்காரர்.

திறப்பு விழா எளிமையாக நடந்தது. டத்தோ, ஒய்பி என்று பட்டமுள்ள பிரமுகர் யாரையும் மேடையேற்றவில்லை, மேடையே போடவில்லை. குடும்பத்தாரே துணியை விலக்கினார்கள், பெயர்களை வாசித்தார்கள். சாப்பாடு கோயில் மடப்பள்ளி உபயம். நன்கொடையாளர் பெயர் எதுவும் கல்லில் இல்லை. மண்டபச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

மீதிப் பணம் பராமரிப்புக்கென வங்கியில் தனிக்கணக்கில் இருக்கிறது. புல் வெட்ட மாதம் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இதுவரை இளைஞர் பிரிவு மட்டும்தான் பெயர் கொடுத்திருக்கிறது. எழுத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளை பூச வேண்டியிருக்கும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். புதிய பெயர் தருவோர் மண்டபத்தில் படிவம் வாங்கி, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் கொடுக்கவும். பாட்டி சொன்ன அந்த வீட்டில் இருந்தவர் யாரென்று தெரிந்தவர்கள் இருந்தால், படிவம்கூட வேண்டாம், போன் அடித்தால் போதும்.

இப்படிக்கு,
நினைவுக்கல் திருப்பணிக் குழு