அப்டேட் போட்ட பிறகும் பாக்கி இருக்கும் வேலை

அன்புள்ள நண்பா,

நலமா? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். லினக்ஸ் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லி என் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். தினமும் ராத்திரி ஏதாவது ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை விடவில்லை. சர்வர் 700 நாளுக்கு மேல் நிற்காமல் ஓடுகிறது, நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்று அப்டேட் பக்கமே போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாய், எனக்குத்தான் படித்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. 700 நாளாக ரீபூட் ஆகவில்லை என்றால், 700 நாளைக்கு முந்தைய கர்னல்தான், சிஸ்டத்தின் அந்த மையப் பகுதிதான், இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு அதில் கண்டுபிடித்து அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளில் ஒன்றுகூட உன் மெஷினில் அடைபடவில்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒருமுறை அப்கிரேட் போட்டு எனக்கே சைட் போய்விட்டது. பாதியில் திரை நின்று ஒரு கேள்வி கேட்டது: இந்த கான்ஃபிக் கோப்பை (செட்டிங் எழுதிய கோப்பு) நீ மாற்றியிருக்கிறாய், பேக்கேஜிலும் (நிறுவ வரும் மென்பொருள் கட்டு) புதிய கோப்பு வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும்? ராத்திரி மணி பன்னிரண்டு. சரி, புதியதுதானே நல்லது என்று நினைத்து 'ஒய்' தட்டிவிட்டேன். அது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் டிஃபால்ட் சைட் கோப்பு. என் செட்டிங் முழுவதையும் நான் அதற்குள்தான் எழுதி வைத்திருந்தேன். வேலை முடிந்து பிரவுசரில் பார்த்தால் என் சைட்டுக்குப் பதிலாக என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம். விடிய விடிய உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப எழுதினேன். பழைய கோப்பு அழியவே இல்லை, 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற வால் ஒட்டி அதே ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அதனால் உனக்கு முதலில் சொல்ல நினைப்பது இதுதான். அந்தக் கேள்வி வரும்போது அவசரப்படாதே. வெறும் என்டர் தட்டினால் உன் கோப்பு அப்படியே இருக்கும், அதுதான் டிஃபால்ட். 'டி' தட்டினால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வரிவரியாகக் காட்டும். நான் இப்போதெல்லாம் 'டி' தட்டாமல் வேறு எதையும் தட்டுவதில்லை. போதாக்குறைக்கு எட்சிகீப்பர் என்று ஒன்று இருக்கிறது. கான்ஃபிக் ஃபோல்டர் முழுவதையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அப்கிரேடுக்கும் முன்னும் பின்னும் தானே ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு, போட்டுவிடும். அதை நிறுவிய பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இன்னொன்று. அப்டேட் என்றால் எல்லாம் புதிய பதிப்புக்கு மாறி, புதிய வசதிகள் வந்து, பழைய செட்டிங் எல்லாம் உடையும் என்று நீ நினைக்கிறாய். டெபியன் லினக்ஸின் ஸ்டேபிளில், அதாவது சோதித்து முடித்து வெளியிட்ட பதிப்பில், அப்படி நடப்பதில்லை. அங்கே பேக்கேஜ்களை நிறுவும் கருவி ஆப்ட். 'ஆப்ட் அப்டேட்' எதையும் நிறுவாது. என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் டெபியனின் பேக்கேஜ் களஞ்சியமான ரெப்போவிலிருந்து கொண்டுவந்து, அதன் டிஜிட்டல் கையெழுத்து சரியா என்று பார்க்கும். 'ஆப்ட் அப்கிரேட்'தான் நிறுவுகிறது. அதுவும் ஏற்கெனவே இருக்கிற எந்தப் பேக்கேஜையும் நீக்காது. நீக்கினால்தான் மேலே போக முடியும் என்றால் அந்தப் பேக்கேஜை அப்படியே விட்டுவிடும். நீக்கவும் அனுமதி வேண்டுமென்றால் 'ஃபுல்-அப்கிரேட்' என்று நீயாகத்தான் கேட்க வேண்டும். இவ்வளவு பதவிசாக நடந்துகொள்கிற கருவி நாம் படிக்கிற காலத்தில் இல்லை. ஒரு பேக்கேஜை நிறுவப் போனால் அது வேறு மூன்றைக் கேட்கும், அந்த மூன்றும் ஆளுக்கு இரண்டைக் கேட்கும், நாம் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் ஆப்ட் வந்தபோது நீதான் என்னை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினாய். அதையெல்லாம் அதுவே தேடிக்கொண்டு வந்ததைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஸ்டேபிளில் ஓட்டையை எப்படி அடைக்கிறார்கள் என்பதற்கு ஹார்ட்பிளீடைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2014 ஏப்ரல் 7. இணைப்புகளை ரகசியமாக்கப் பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 1.0.1-லிருந்து 1.0.1எஃப் வரை இருந்த ஓட்டை அது. சர்வரின் மெமரியில் இருப்பதை வெளியே இருந்து துண்டு துண்டாக உருவிவிடலாம். அதை எழுதியவர்கள் 1.0.1ஜி என்று புதிய பதிப்பு விட்டார்கள். டெபியன் 7-ல் அந்தப் பதிப்பு வரவில்லை. அதில் இருந்தது 1.0.1இ. அந்தப் பழைய பதிப்பிலேயே ஓட்டையை மட்டும் அடைத்து, எண்ணின் வாலில் 'டெப்7யு5' என்று சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்த நிறையப் பேர் நம்முடையது இன்னும் பழசு என்று பதறினார்கள். வாலைப் படித்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது.

அந்த வாரம் எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதத் தொடங்கினேன். செய்தி தெரிந்ததும் அப்டேட் போட்டேன், பத்து நிமிஷ வேலை. யு5 நிறுவியாகிவிட்டது என்று திரையில் தெளிவாக வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கூட வேலை பார்ப்பவர் ஒரு சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, உன் சர்வரில் ஓட்டை அப்படியே திறந்திருக்கிறதே என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நிறுவியிருக்கிறதா என்று பார்த்தால் நிறுவியிருக்கிறது. டிஸ்கில் புதிய கோப்புதான் இருக்கிறது. பிறகு எப்படி?

யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டைப் போட்டு, ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியை யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். வெப் சர்வரின் ஒவ்வொரு வரியிலும் 'டிஇஎல்' என்று மூன்று எழுத்து. டிஸ்கிலிருந்து நீக்கியாயிற்று, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பிராசஸ் அதை இன்னும் விடவில்லை என்று அர்த்தம். மெயில் சர்வரிலும் அதே மூன்று எழுத்து. ராத்திரி முழுவதும் பழைய லைப்ரரிதான் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

போன வாரம் என் மகள் கேட்டதும் இதே கேள்விதான். கோப்பையே மாற்றிவிட்டால் பழையது எப்படி ஓடும்? யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு என்று சொன்னேன். ஃபோல்டரில் இருப்பது பெயர் மட்டும்தான், அது ஐநோடு என்ற ஒன்றைச் சுட்டிக்காட்டும். அப்கிரேட் செய்யும்போது அந்தப் பெயரைப் புதிய கோப்பின் பக்கம் திருப்பிவிடுகிறோம். பழைய கோப்பை யாராவது திறந்து வைத்திருந்தால், கடைசி ஆள் கையை எடுக்கும்வரை அது பெயர் இல்லாமலேயே உயிரோடு இருக்கும். அலமாரியில் அகராதியின் புதிய பதிப்பை வைத்துவிட்டோம், ஆனால் பழைய பதிப்பைக் கையில் வைத்திருப்பவர் அதைத்தானே புரட்டிக்கொண்டிருப்பார் என்றேன். அவள் உடனே, அப்படியானால் அவரை எழுந்து போய்ப் புதியதை எடுக்கச் சொல்ல வேண்டும், அதுதானே ரீஸ்டார்ட் என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

இந்த ஏற்பாடு இருப்பதால்தான் யூனிக்ஸில் ஓடுகிற மெஷினிலேயே எதையும் நிறுத்தாமல் அப்கிரேட் போட முடிகிறது. அதே ஏற்பாடுதான் வேலை முடிந்துவிட்டதாக நம்மை நம்பவும் வைக்கிறது. அன்றைக்கு என்னைப் போல ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். யு5-க்கு அடுத்து டெபியன் விட்ட யு6, எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பார்த்துச் சொல்வதற்காகவே வந்தது.

இப்போது நீட்ரீஸ்டார்ட் என்ற பேக்கேஜே இருக்கிறது. நிறுவி வைத்தால், ஒவ்வொரு அப்கிரேட் முடிவிலும் பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வீஸ்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். கர்னல் மாறியிருந்தால் அதையும் சொல்லும். கர்னலுக்கு மட்டும் ரீஸ்டார்ட் போதாது, ரீபூட்தான். நீ பெருமையாக எழுதிய அந்த 700 நாளை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். எக்ஸ்இசட் என்ற, கோப்பைச் சுருக்கும் கருவியின் விஷயத்தில் அப்டேட் போட்டவர்கள்தானே மாட்டினார்கள் என்பாய். உண்மைதான். 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக்கதவு இருந்தது. தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதை வெளியே கொண்டுவந்தார். அரை நொடிக்கு ஒருவர் அவ்வளவு மெனக்கெட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் நன்றி பொங்குகிறது. ஆனால் அது டெபியனில் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் போன்ற சோதனைக் கிளைகளின் பக்கம்தான் நுழைந்திருந்தது, ஸ்டேபிளில் இல்லை. உன் சர்வரில் இருக்கும் டெபியன் 12தான் அப்போது ஸ்டேபிள். அதற்கு வரும் பாதுகாப்பு அப்டேட்டை வேண்டாம் என்பதற்கு எக்ஸ்இசட்டைக் காரணம் காட்ட முடியாது.

வீட்டு மெஷினில் நான் இன்னும் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை சிஸ்டம்தான் வைத்திருக்கிறேன். அங்கே அடிப்படை சிஸ்டம் தனி, மேலே நிறுவும் பேக்கேஜ்கள் தனி. முதலாவதற்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட், இரண்டாவதற்கு பிகேஜி. எனக்கு அதில் மிகவும் பிடித்தது 'பிகேஜி ஆடிட்'. நிறுவியிருப்பவற்றில் எதில் ஓட்டை தெரிய வந்திருக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்தால் அப்கிரேடுக்கு முன்பு ஒரு பூட் என்விரான்மென்ட், அதாவது அப்போதைய சிஸ்டத்தின் நகல், எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏதாவது உடைந்தால் பழையதில் பூட் செய்தால் போதும்.

சரி, உன் சர்வருக்கு வருவோம். அதில் இருப்பது டெபியன் 12. டெபியன் 13 போன 2025 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது என்பதற்காக நேரே அதற்குத் தாவாதே. முதலில் 12-ஐயே முழுதாக அப்டேட் செய்து, ரீபூட் செய்து, ஒரு வாரம் ஓடட்டும். அதற்கும் முன்னால் பேக்கப் எடு. எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு மெஷினில் திரும்ப ஏற்றிப் பார். பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்றும் பார், பழைய கர்னல்கள் அடைத்துக்கொண்டு பாதியில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. எஸ்எஸ்எச்சில் நுழைந்ததும் டிமக்ஸ் போட்டுக்கொள். நடுவில் நெட் போனாலும் அப்கிரேட் உள்ளே தன்பாட்டுக்கு ஓடும்.

13-க்குப் போகும்போது உன் டேட்டாபேஸ்தான் எனக்குக் கவலை. 12-ல் போஸ்ட்கிரெஸ் 15, 13-ல் 17. அப்கிரேட் போட்டதும் டேட்டா தானாக 17-க்கு வந்துவிடாது. 15 பக்கத்திலேயே அப்படியே இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். அதை நீ தனியாகச் செய்ய வேண்டாம், நானும் கூட இருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். 12-ன் அப்டேட்டை அன்றைக்கே போட்டுவிடலாம், போனில் இரு. அதற்கு முன்னால் 'ஆப்ட் அப்டேட்' மட்டும் ஓட்டிவிட்டு, 'ஆப்ட் லிஸ்ட்' கமாண்டில் அப்கிரேடபிள் என்று கேட்டால் வரும் பட்டியலை எனக்கு அனுப்பு. இரண்டு வருஷத்துக்கு நீளமாகத்தான் இருக்கும். நான் வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து படித்து வைக்கிறேன்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்