மாடி வீட்டு காக்குவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

மும்பை செம்பூரில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு நடந்தது தெரியும். எங்கள் பையனின் மூச்சு இளைப்பால் வந்த அந்த ஆஸ்பத்திரிக் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. பையன் நன்றாக இருக்கிறான். நேற்று ராத்திரி முழுக்க இருமாமல் தூங்கினான். நான்தான் பழக்கதோஷத்தில் நடுநடுவே எழுந்து அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். இந்த நிம்மதி பழகிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி எங்களுக்கு நேர்மேல் வீட்டில் தனியாக இருக்கும் காக்குவுக்கு (மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரிக் கூப்பிடும் பெயர்). அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சாயங்காலம் நானே போய் இந்தியில் படித்துச் சொல்லிவிடுவேன். "இதையெல்லாமா எழுதுவாய்?" என்று திட்டு விழும். பரவாயில்லை.

மும்பையில் இருப்பவர்களுக்கு லீக்கேஜ் சண்டையை விளக்க வேண்டியதில்லை. கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டைக் கைகாட்டுவார், மேல்வீட்டுக்காரர் வெளிச்சுவரைக் கைகாட்டுவார், குடியிருப்புச் சங்கமான சொசைட்டி மழையைக் கைகாட்டும். மீட்டிங்கில் குரல் உயரும், அப்புறம் டீ வரும், அதற்குள் அடுத்த ஜூன் வந்துவிடும். எங்கள் படுக்கையறைச் சுவருக்கும் அதே கதைதான். மழை நின்றால் தானாகக் காய்ந்துவிடும் என்றார்கள். அக்டோபர் வெயில் கொளுத்தியும் ஓதம் போகவில்லை.

இதற்கு நடுவே சாப்பாட்டு ஆராய்ச்சி வேறு. ஊரிலிருந்து போன் செய்த எல்லோரும் ஆளுக்கு ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். தயிர், வாழைப்பழம், பால், முட்டை என்று போய்க் கடைசியில் குழந்தைக்கு ரசம் சாதம்தான் மிச்சம். ஓர் இடத்தில் ஐஜிஜி என்று ரத்தம் எடுத்து, சாப்பிடவே கூடாதவை என்று பெரிய பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எங்கள் அலர்ஜி டாக்டர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஐஜிஜி, உடம்பு அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியதைத்தான் காட்டும், அலர்ஜியை அல்ல என்றார். சாப்பாட்டால் மட்டும் வீசிங் வருவது அபூர்வம், யூகத்தில் எதையும் நிறுத்தாதீர்கள், எழுதி வையுங்கள் என்றார். என்ன சாப்பிட்டான், எங்கே தூங்கினான், எப்போது இருமினான் என்று ஒரு நோட்டு போட்டோம்.

தீபாவளிக்குக் கும்பகோணம் போனோம். பாட்டி வீட்டில் தயிர், வாழைப்பழம், பால்கோவா எதையும் விடவில்லை அவன். ஓர் இருமல்கூட இல்லை. செம்பூர் திரும்பிய ராத்திரியே இளைப்பு. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டை விடுங்கள். இவன் கட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கட்டிலை ஒட்டி நின்ற மரபீரோவை இழுத்தோம். பின்பலகை, சுவர் எல்லாம் கறுகறுவென்று பூசணம்.

பீரோ இழுத்த சத்தத்தில் என்னவோ விழுந்துவிட்டது என்று காக்கு இறங்கி வந்தார். அதுவரை லிஃப்டில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சண்டை வரப்போகிறது என்று நான் மனசுக்குள் இந்தி வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். "சுவரைப் பார்" என்றார். விட்டத்துக்குக் கீழே மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. போன ஹோலிக்கு வாங்கி மிச்சமிருந்த கலர் பொடியைத் தண்ணீரில் கரைத்து, தன் பாத்ரூம் தரையில் விட்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் அவரைச் சொல்லவும் இல்லை. "என் வீட்டுத் தண்ணீர்தான். நஹானி ட்ராப் போயிருக்கும்" என்றார், தொலைந்த சாவி கிடைத்தவரைப் போல. பாத்ரூம் தரையில் தண்ணீர் வடிகிற இடத்தில் இருப்பதுதான் அந்த ட்ராப்.

இந்த ஊரில் தன் வீட்டுக்கு எதிராகத் தானே சாட்சி தேடிக் கொடுத்த வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பென்ஷனில் வாழ்கிறவர். தரையை உடைத்து, ட்ராப்பை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, டைல்ஸ் பதித்து முடிக்கிறவரை எங்கள் வீட்டில்தான் குளித்தார். வாளி, மக், சோப்பு எல்லாம் அவருடையது. பாதிச் செலவைக் கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் குளிக்க வரும்போது கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி இருமினானா?" பூசணத்தின் மேலேயே பெயிண்ட் அடித்துவிடலாம் என்ற பெயிண்டரை விரட்டியதும் அவர்தான். ஈரத்தை நிறுத்தாமல், பூத்ததைச் சுரண்டாமல் என்ன பெயிண்ட் அடித்தாலும் அது மறுபடி வெளியே வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். சுவரைச் சுரண்டினால் தூள் பறக்கும், குழந்தை பக்கத்திலேயே இருக்கக்கூடாது என்றதும் அவனை மாட்டுங்காவுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்ட மாமி. தோலில் லேசாகக் குத்தி அலர்ஜி பார்க்கும் ஸ்கின் ப்ரிக் டெஸ்டுக்கு முன்னால் அலர்ஜி மாத்திரையை நிறுத்தியாயிற்றா என்று நினைவாகக் கேட்ட மெடிக்கல் ஷாப் தம்பி. டெஸ்டில் சாப்பாடு எதற்கும் கை வீங்கவில்லை, பூஞ்சைக்குத்தான் வீங்கியது. ஸ்போர்ட்ஸ் டே அன்று ஸ்குவாஷ் குடித்த கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு இரைத்ததைக் கவனித்து, பாட்டிலின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பிய கிளாஸ் டீச்சர். அதில் ஐஎன்எஸ் 224 இருந்தது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் வகை. ஸ்கின் டெஸ்டை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாதாம், டீச்சர் பார்த்ததால்தான் பிடிபட்டது. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதியே இருக்கிறது. அதனால் இப்போது கடையில் நின்று உலர்திராட்சைப் பாக்கெட்டைக்கூட வாசிக்கிறேன், பின்னால் நிற்பவர்கள் முறைத்தாலும்.

தயிரும் வாழைப்பழமும் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறோம். 50 சதவீதத்துக்குள் வைத்தால் நல்லது என்றார் டாக்டர். ஜூலையில் இந்த ஊரில் அது நடக்கிற காரியமா என்று பார்க்கலாம். இன்ஹேலரும் அதில் மாட்டும் குழாயான ஸ்பேசரும் டாக்டர் சொல்கிறவரை தொடரும்.

போன வாரம் எங்களுக்குக் கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் போய், "உங்கள் பாத்ரூம் பக்கச் சுவரைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, பேசுவதற்குக் கணவரைக் கூப்பிட்டுவிட்டார் அந்தப் பெண். ஓதம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஹோலி முடிந்ததும் கலர் ஊற்றி ஒருதடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.